கூட்டிக் கழிக்கும் மேசை

ஒலி வந்த வழி: பகுதி 14

“அம்மா, உங்கட ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ.” ரொறன்ரோவில் தமிழ் வானொலி கேட்கும் வீடுகளில் இந்த வாக்கியத்தை அறியாதவர் இருக்க முடியாது. வாழ்த்துச் சொல்ல, பாட்டுக் கேட்க, அஞ்சலி செலுத்த, அரசியல் விவாதத்தில் ஒரு வார்த்தை சொல்ல என்று யார் அழைத்தாலும், வணக்கத்துக்கு அடுத்தபடியாக அறிவிப்பாளர் சொல்வது இதைத்தான். கேட்பவர் இதை ஒரு மரியாதைக் குறிப்பாக எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த ஒற்றை வரிக்குள் ஒலிபரப்புப் பொறியியலின் நூறாண்டுச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அழைத்தவரின் குரல் தொலைபேசி வழியே கலையகத்துக்குப் போகிறது; அங்கிருந்து ஒலிபரப்பாகி அவருடைய சமையலறை வானொலிக்கே வந்து சேர்கிறது; அந்த வானொலியிலிருந்து மறுபடி தொலைபேசிக்குள் நுழைகிறது. வட்டம் மூடிக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி சற்றே கூடினால் அலறல் எழும். கூடாவிட்டாலும், தன் குரலையே பின்தங்கிக் கேட்கும் நேயர் தடுமாறுவார். கலையகத்தில் உள்ள கலவை மேசை தன் பங்கைச் சரியாகவே செய்திருக்கிறது: அழைத்தவருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியிலிருந்து அவருடைய குரலை மட்டும் கழித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. மேசை கழித்ததைச் சமையலறை வானொலி கூட்டிவிடுகிறது. மிக்ஸிங் கன்சோல் எனப்படும் கலவை மேசையின் வரலாறு இதுவரை பெரும்பாலும் கூட்டலின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கழித்தலின் வரலாறாகப் படித்தால்தான் அந்த மேசை ஏன் இப்படி உருவானது என்பது விளங்கும் என்பது என் வாதம். அப்படிப் படிப்பதற்கு, புகழ்பெற்ற லண்டன் பாடல் கலையகங்களைவிட ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் மேற்கு ஓரத்து வெக்ஸ்போர்டும் அதன் சுற்றுப்புறமும் பொருத்தமான இடங்கள்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். மிக்ஸர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஓமப்பொடியும் கடலையும் கறிவேப்பிலையும் கலந்த பொட்டலம். அந்தக் கலவையில் ஒரு வசதி உண்டு: கடலையை மட்டும் பொறுக்கி எடுத்துத் தின்னலாம். ஒலியில் அது முடியாது. இரண்டு குரல்கள் ஒரே கம்பியில் சேர்ந்த பிறகு அவை இரண்டல்ல, ஒரே அலை. ஆகையால் கலவை மேசையின் பரப்பில் பெரும்பகுதி, கலத்தலைக் கடைசி நொடிவரை தள்ளிப்போடுவதற்கே செலவாகிறது. ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்குறிகை சில மில்லிவோல்ட் அளவே. அதை முன்பெருக்கி ஆயிரம் மடங்குவரை, அதாவது 60 டெசிபெல், தூக்கிவிடும். பிறகு மேல்சுருதி, கீழ்சுருதிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் சமன்படுத்தி, பிறகு ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர், பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பொத்தான்கள். ஒவ்வொரு குரலுக்கும் இப்படித் தனித்தனியாக ஒரு பாதை, மேசையில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை; இதுதான் சேனல். இந்தப் பட்டைகள் எல்லாம் வந்து சேரும் கம்பிக்குப் பஸ் என்று பெயர். ஓடுகிற பஸ்ஸுக்கும் இந்தப் பஸ்ஸுக்கும் தாய்ச்சொல் ஒன்றுதான்: ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் லத்தீனச் சொல்லான ‘ஆம்னிபஸ்’. எல்லோரும் ஏறும் வண்டியில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் அங்கேயும் பிரச்சினை.

பழைய மேசைகளில் மிதிப்பு இருந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் பக்கத்துச் சேனலின் அளவும் சிறிது மாறும். பொறியாளர்கள் இதற்கு மாற்றாக, எப்படித் திருப்பினாலும் சுற்றுக்கு ஒரே தடையைக் காட்டும் விலை மிகுந்த குமிழ்களைப் பயன்படுத்தினார்கள். டிரான்சிஸ்டர் காலத்து மேசைகள் அதிகமாக நம்பிய தீர்வு வேறு. ஒவ்வொரு சேனலும் ஒரு மின்தடை வழியாகப் பஸ் கம்பிக்கு வரும். அந்தக் கம்பியின் முனையில் ஒரு பெருக்கி இருந்துகொண்டு, வந்து சேரும் மின்னோட்டத்துக்குச் சமமான எதிர் மின்னோட்டத்தை உடனுக்குடன் செலுத்தி, கம்பியின் மின்னழுத்தத்தைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்திலேயே நிறுத்திவிடும். இதைக் கற்பிதத் தரை என்று சொல்லலாம். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பியில் யாருக்கும் யாருடைய சாயலும் தெரியாது. ஒன்றாம் சேனலைப் பொறுத்தவரை இரண்டாம் சேனல் இல்லவே இல்லை. கூட்டலைச் செய்யும் அந்த ஒரே இடத்தில்கூட மேசை தன் திறமையைக் காட்டுவது பிரித்து வைப்பதில்தான். அதற்கான விலையையும் சொல்லிவிட வேண்டும்: 24 சேனல்கள் பஸ்ஸில் ஏறினால் அந்தப் பெருக்கியின் சொந்த இரைச்சல் 25 மடங்கு, அதாவது 28 டெசிபெல், உயர்ந்துவிடும். யாரும் பேசாத சேனலைக்கூட பஸ்ஸிலிருந்து இறக்கிவிட ஒரு பொத்தான் இருப்பது இதனால்தான்.

இனி இந்தக் கழிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒண்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டிலிருந்து பாரிஸ் என்ற பக்கத்து ஊருக்கு 1876 ஆகஸ்ட் 10 அன்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் நடத்திய சோதனையைத் தொலைதூரத் தொலைபேசியின் தொடக்கம் என்பார்கள். அது ஒருவழிப் பேச்சு. ஒரு முனையில் சொன்னார்கள், மறுமுனையில் கேட்டார்கள். அதனால் அங்கே கழிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஒரே இணைக் கம்பியில் இருவரும் பேசவும் கேட்கவும் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. தூரம் கூடக் கூடக் குரல் தேய்கிறது; வழியில் பெருக்கி வைக்க வேண்டும்; ஆனால் பெருக்கி ஒரு திசையில்தான் வேலை செய்யும். இரு திசைக்கும் இரண்டு பெருக்கிகளை வைத்தால் ஒன்றின் வாயிலிருந்து வருவது மற்றதன் காதில் விழுந்து இரண்டும் சேர்ந்து அலறும். 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் பேசிக்கொண்டபோது அந்த அலறலைத் தடுத்தது, கலப்பினச் சுருள் என்று சொல்லத்தக்க ஒரு மின்மாற்றி அமைப்பு. கம்பியின் குணத்தைப் போலவே நடிக்கும் ஒரு போலிக் கம்பியை மறுபுறம் வைத்து, இரண்டுக்கும் சமமாகக் குறிகையைப் பிரித்து, ஒன்றை மற்றதிலிருந்து கழித்தால் போகிற குரல் மறைந்து வருகிற குரல் மட்டும் மிஞ்சும். சமையலறை வானொலியைக் குறைக்கச் சொல்லும் அறிவிப்பாளருக்கும் இந்தச் சுருளைச் செய்தவர்களுக்கும் கவலை ஒன்றே.

கலவை மேசையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவை தொலைபேசி வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லும். சமன்படுத்தி என்ற பெயரே சான்று: நீண்ட கம்பியில் தேய்ந்துபோன மேல்சுருதிகளை ஈடுசெய்து, புறப்பட்ட ஒலிக்கும் சேர்ந்த ஒலிக்கும் சமன் காண்பதற்காக வந்த கருவி அது, பாடகரின் குரலுக்கு மெருகு பூசும் வேலை பின்னால் ஒட்டிக்கொண்டது. டெசிபெல், கம்பியின் நீளத்தால் ஏற்படும் இழப்பை அளக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் 1924இல் வகுத்த அலகு. பெல்லின் நினைவாக 1928இல் அந்தப் பெயர் வந்தது. செருகிப் பிடுங்கும் கால் அங்குல ஜாக், தொலைபேசி இணைப்பகப் பலகையிலிருந்து நேராக இறங்கி வந்தது. ஆடும் ஊசியோடு கூடிய வியூ மீட்டர், பெல் ஆய்வகமும் என்.பி.சி., சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து 1939இல் ஒப்புக்கொண்ட அளவை. ஊசி நிலைக்கு வர 0.3 விநாடி எடுக்கும்படி அதை வேண்டுமென்றே மந்தமாகச் செய்தார்கள். ஒலிவாங்கிக் கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பும் முறைகூட 1966இல் நார்வே நாட்டு வானொலிக்காகச் செய்யப்பட்டது. அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே கைவசம் இருந்தது.

இவற்றுள் கழித்தலுக்கு மிகத் தெளிவான உதாரணம் சமநிலைக் கம்பி. ஒரு கம்பியில் குறிகை நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டும். சேருமிடத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், குறிகை இரட்டிக்கும். இரைச்சல் என்றதும் இந்தப் பக்கத்தில் நினைவுக்கு வருவது மின்கோபுரங்கள்: வெக்ஸ்போர்டின் தென்பகுதியில் மூலைவாக்காகச் செல்லும் கத்தினோ மின்வழித்தடம், கியூபெக் எல்லைப்பக்கத்து நீர்மின்சாரத்தை 1928 முதல் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்த பாதை. டெசிபெல்லுக்குப் பெயர் வைத்த அதே ஆண்டு. அந்தக் கோபுரங்களைப் பார்த்ததும் ஒலிப்பதிவில் கேட்கும் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு அவைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பாவம், அவற்றின் மீது பழியில்லை. ரீங்காரம் பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தின் சுவருக்குள் ஓடும் கம்பியிலிருந்தும், தரையிணைப்பை இரண்டு இடத்தில் கட்டிய நம் அவசரத்திலிருந்தும்தான் வருகிறது.

இந்தத் தொலைபேசிச் சொத்து ஏன் கனடாவில் தனியாகத் தழைத்தது? தூரம்தான் காரணம். நாட்டிணைவின் வைரவிழாவுக்காக 1927 ஜூலை 1 அன்று, கடற்கரை முதல் கடற்கரை வரை தந்திக் கம்பிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் முடிச்சுப் போட்டு 23 நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பின. 1936 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவின் மூஸ் ரிவர் சுரங்கத்தில் மூவர் சிக்கிக்கொண்டபோது, வானொலி அறிவிப்பாளர் ஃபிராங்க் வில்லிஸ் அரை மணிக்கொரு முறை தொலைபேசிக் கம்பி வழியே செய்தி சொல்ல, நாடே செவி சாய்த்தது. அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. பிறந்தது. ஆறு நேரவலயங்கள், இரண்டு மொழிகள், நூற்றுக்கணக்கான கம்பிகள். ஒரு நகரம் பேசும்போது இன்னொரு நகரம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதை ஒவ்வொரு மணிக்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய அமைப்பு. இப்படிப்பட்ட வாடிக்கையாளர் அருகில் இருந்தால், கழித்தலில் தேர்ந்த தொழிற்கூடங்கள் முளைப்பதில் வியப்பில்லை. வெக்ஸ்போர்டின் மேற்கு எல்லையான விக்டோரியா பார்க் அவென்யூவைக் கடந்தால் வரும் விக்டோரியா வில்லேஜில், கார்ன்ஃபோர்த் சாலையில் இருந்தது மெக்கர்டி ரேடியோ இண்டஸ்ட்ரீஸ். ஒலிபரப்பு மேசைகளோடு, கலையகத்தில் இயக்குநரும் தொழில்நுட்பரும் தமக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காம் அமைப்புகளையும் அது செய்தது. கிழக்கே ஸ்காபரோவின் புரோக்ரஸ் அவென்யூவில் வார்ட்-பெக் சிஸ்டம்ஸ். ரான் வார்டும் ராஜர் பெக்கும் 1967இல் தொடங்கியது. சி.பி.சி. மட்டுமல்லாமல், அமெரிக்காவின் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகியவையும் அதன் மேசைகளை வாங்கின. லாரன்ஸ் அவென்யூவில் ஷவர்மா கடைகளைத் தாண்டிப் போகிறவர்களில், வட அமெரிக்கத் தொலைக்காட்சியின் குரல்கள் இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் செய்த பெட்டிகளுக்குள் ஒரு தலைமுறை காலம் ஓடின என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

ஒலிபரப்பு மேசையைப் பாட்டு மேசையிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் வெளிவாசல்களின் எண்ணிக்கை. பாட்டுக் கலையகத்தின் இறுதி விளைவு ஒன்றே: இடது, வலது என்று இரண்டு தடங்கள். ஒலிபரப்பில் ஒரே நேரத்தில் பல உண்மைகள் வேண்டும். நேயருக்கு எல்லாம் கேட்க வேண்டும். வன்கூவரிலிருந்து பேசும் நிருபருக்குத் தன் குரல் தவிர மற்றெல்லாம் கேட்க வேண்டும். வின்னிபெக் விருந்தினருக்கு அவர் குரல் தவிர மற்றெல்லாம். அறிவிப்பாளரின் காதில் நிகழ்ச்சி ஓட வேண்டும், இயக்குநர் பொத்தானை அழுத்தினால் அது தணிந்து அவர் கட்டளை ஒலிக்க வேண்டும். ஐந்து பேர் ஐந்து ஊர்களிலிருந்து பேசினால் ஐந்து வெவ்வேறு கலவைகள், ஆறாவதாக ஒலிபரப்பு. தொழிலில் இதை மிக்ஸ்-மைனஸ் என்கிறார்கள். மொத்தத்தில் உன்னைக் கழி என்று அர்த்தம். இந்தக் கட்டாயத்தை இன்னும் இறுக்கியது செயற்கைக்கோள். 1972 நவம்பரில் ஏவப்பட்ட அனிக் ஏ-1, ஒரு நாடு தன் உள்நாட்டுத் தேவைக்கென்றே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்திய முதல் தகவல்தொடர்புக் கோள். அவ்வளவு உயரம் ஏறி இறங்க ஒலிக்குறிகைக்குக் கால் விநாடி ஆகிறது. தன் குரலையே ஏறத்தாழ 0.2 விநாடி தாமதமாகக் கேட்பவரின் நாக்கு குழறும் என்பது உளவியலாளர்கள் சோதித்து உறுதிசெய்த விஷயம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கூட குடித்தவர் போல இழுப்பார். கழிக்காத மேசையை வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் காலத்தில் நேரலை நடத்த முடியாது.

இங்கே ஒரு மின்பொறியாளர் குறுக்கிடலாம்: கழித்தல் என்று தனியாக ஒன்றுமில்லை, நிருபர் தவிர மற்ற நால்வரையும் கூட்டினால் அதுதான் மிக்ஸ்-மைனஸ், அல்லது எல்லோரையும் கூட்டிய மொத்தத்தோடு நிருபரின் குரலைத் தலைகீழாக்கிக் கூட்டினால் போதும், எப்படிப் பார்த்தாலும் கூட்டல்தானே என்று. சுற்றின் அளவில் அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் எத்தனை பஸ்கள் வேண்டும், எத்தனை கூட்டும் பெருக்கிகள் வேண்டும், மேசை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், விலை என்ன என்பதையெல்லாம் தீர்மானிப்பது யாரை எங்கே விட்டுவிட வேண்டும் என்ற பட்டியல்தான். கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் செலவு அழைப்பவர் கணக்கு. மேசையின் செலவு அழைக்காதவர் கணக்கு.

இதைவிடக் கனமான மறுப்பு பாட்டு உலகிலிருந்து வரும். இன்று நாம் கலவை மேசை என்று மனக்கண்ணில் காண்பது ரூபர்ட் நீவின் மேசைகளையும், சாலிட் ஸ்டேட் லாஜிக்கின் மேசைகளையும், இ.எம்.ஐ. தன் ஆபி ரோடு கலையகத்துக்காகச் செய்துகொண்டவற்றையும்தானே. பல தடப் பதிவும், தானாக நகரும் ஃபேடரும், நேற்றைய அமைப்பை நினைவில் வைத்துத் திரும்பக் காட்டும் கணினியும் பாட்டுக்காக வந்தவைதானே என்று. பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். விரல்களால் பல சேனல்களை ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கும் நேர்கோட்டு ஃபேடரைப் பரப்பிய பெருமை அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் டாம் டவுடுக்குச் சேர வேண்டியது. அதுவரை பெரிய வட்டக் குமிழ்கள்தாம். பி.பி.சி.யோ நேர்கோட்டு ஃபேடரை ஏற்றுக்கொண்டபோதும் திசையை மாற்றிவிட்டது: மற்றவர்கள் மேலே தள்ளினால் ஒலி ஏறும், அவர்களுடைய பழைய மேசைகளில் தம்மை நோக்கி இழுத்தால் ஏறியது. வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பரைத் திணறடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் பாட்டுக் கலையகத்தின் நெருக்கடி மிகுந்த இடத்தைப் பாருங்கள். ட்ரம்ஸ் அடிப்பவருக்கு ஹெட்ஃபோனில் தாளச் சொடுக்கு வேண்டும். அதே சொடுக்கு பாடகியின் காதில் விழுந்தால் அவருடைய ஒலிவாங்கி அதைப் பிடித்துவிடும். வயலின்காரருக்குச் சுருதி வேண்டும், கித்தார் வேண்டாம். ஒவ்வொரு காதுக்கும் தனிக் கலவை. 1915இல் தொலைபேசிக்காரர்கள் விடை கண்ட கேள்வியே ஒப்பனை மாற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறது. பாட்டுலகம் மேசைக்கு அழகும் நினைவாற்றலும் கொடுத்தது. எலும்புக்கூடு ஏற்கெனவே இருந்தது.

மேசையைக் கலைக்கருவியாகக் கையாண்டதில்கூட வானொலி பின்தங்கவில்லை என்பதற்கு ரொறன்ரோவே சாட்சி. இந்நகரில் பிறந்த பியானோ மேதை கிளென் கூல்ட், 1964க்குப் பிறகு மேடைக் கச்சேரியைக் கைவிட்டு ஒலிப்பதிவிலும் ஒலிபரப்பிலும் இறங்கினார். 1967 டிசம்பர் 28 அன்று சி.பி.சி. ஒலிபரப்பிய அவருடைய ‘தி ஐடியா ஆஃப் நார்த்’ ஒரு மணிநேர ஒலிச்சித்திரம். வார்ட்-பெக் தொடங்கிய அதே ஆண்டு. கனடாவின் வடக்கை அறிந்த ஐவரைத் தனித்தனியாகப் பேட்டி கண்டு, அவர்கள் ஒருவர் மீது ஒருவர் பேசுவது போல அடுக்கியிருந்தார். ஒரு பெண் குரல் தொடங்கும். அது முடியுமுன் ஓர் ஆண் குரல் நுழையும். இரண்டும் ஓடும்போதே மூன்றாவது. அடியில் இடைவிடாமல் ரயில் ஓசை, கச்சேரியில் தம்புரா சுருதி போல. கவனிக்க வேண்டியது, இது ஒற்றைத் தட ஒலி. இடது காதில் ஒருவரையும் வலது காதில் ஒருவரையும் வைக்கும் வசதி கிடையாது. மூன்று குரல்களை ஒரே ஒலிபெருக்கிக்குள் தனித்தனியாகக் கேட்கச் செய்ய அவர் கையில் இருந்தவை இரண்டு: ஒரு குரலை எந்தச் சொல்லில் தணிப்பது என்ற தீர்மானம், எந்தக் குரலின் எந்தச் சுருதிப் பகுதியைக் குறைப்பது என்ற தீர்மானம். அவருடைய தொழில்நுட்பர் லோர்ன் டல்க்கோடு சேர்ந்து நாடாவை வெட்டி ஒட்டிய வேலைதான் இதில் பெரிது, மேசை சிறிது என்று சிலர் சொல்லக்கூடும். நாடாவை வெட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றன்மேல் ஒன்றாக வந்தும் புரிவதற்கு ஃபேடர் வேண்டும். கேட்பவர் காதில் ஒரு குரல் முன்வருவது அதை உயர்த்தியதாலல்ல, மற்ற இரண்டையும் விலக்கியதால்.

இதே ஒற்றைத் தட வறுமையில்தான் ரொறன்ரோவின் முழுநேரத் தமிழ் வானொலிகளும் வளர்ந்தன. 1990களில் அவை பயணம் செய்தது எஸ்.சி.எம்.ஓ. எனப்படும் துணை அலையில். ஒரு எஃப்.எம். நிலையம் தன் நிகழ்ச்சியை ஒலிபரப்பும்போது, சாதாரண வானொலிக்குக் கேட்காத 67 அல்லது 92 கிலோஹெர்ட்ஸ் இடுக்கில் இன்னொரு நிகழ்ச்சியையும் ஏற்றி அனுப்ப முடியும்; அதைக் கேட்கத் தனி வானொலிப் பெட்டி வாங்க வேண்டும். ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறையில் அந்தப் பெட்டி இருந்தது. இடுக்கில் போகிற ஒலிக்கு மேல்சுருதி அவ்வளவாகக் கிடையாது, ஸ்டீரியோ கிடையாது, மூலநிலையத்தின் பாட்டுச் சத்தம் கீறலாக உள்ளே கசியும். அப்படிப்பட்ட பாதையில் நாதஸ்வரப் பின்னணியோடு ஒரு வாழ்த்துச் செய்தியைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் வரும்போது பாட்டை முழுதாக ஒதுக்கிவிடுவது, மரண அறிவித்தலுக்குப் பின்னணியே இல்லாமல் விடுவது, அழைப்பில் வரும் குரலின் கீழ்சுருதி உறுமலை வெட்டிவிடுவது ஆகியவை ரசனையின் விளைவு மட்டுமல்ல. பாதையின் ஒடுக்கம் இட்ட கட்டளை. 2004இல் சி.எம்.ஆர். என்ற நிலையம் 101.3 எஃப்.எம். அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியதும் சாதாரணக் கார் வானொலியிலும் தமிழ் கேட்டது, அகலமும் கிடைத்தது. சிறு கலையகத்தின் நாலைந்து ஃபேடர் மேசைக்கெல்லாம் வரலாறு உண்டா என்று கேட்பவருக்கு என் பதில்: என்.பி.சி.யின் பெரிய மேசையில் பத்து நகரங்களுக்காகச் செய்த கழித்தலை இந்தச் சிறு மேசை யாழ்ப்பாணத்திலிருந்தோ பாரிஸிலிருந்தோ பிர்ச்மவுண்ட் சாலையிலிருந்தோ அழைக்கும் ஒரே நேயருக்காகச் செய்கிறது. சுற்றில் வேறுபாடில்லை, எண்ணிக்கையில்தான்.

கணினி வந்த பிறகு மேசையே தேவையில்லை என்பார்கள். பெட்டி தேவையில்லை என்பது உண்மை. எண்களாக மாறிய ஒலியைக் கூட்டுவதற்கு மின்தடையும் வேண்டாம், கற்பிதத் தரையும் வேண்டாம்; 200 சேனல்கள் ஏறினாலும் 28 டெசிபெல் இரைச்சல் பிரச்சினை எழாது. கூட்டல் இவ்வளவு மலிவானபோதும் கழித்தல் மலியவில்லை. இணையக் கூட்டத்தில் பன்னிருவர் பேசினால், பன்னிருவருக்கும் தத்தம் குரல் நீங்கிய பன்னிரண்டு விதமான ஒலி போய்ச் சேர வேண்டும். அந்தக் கணக்கை இப்போது மென்பொருள் போடுகிறது. ஒரே அறையில் இருவர் இரண்டு கைபேசிகளைத் திறந்துவைத்தால், பழைய சமையலறை வானொலியின் அலறல் அப்படியே திரும்பி வரும்.

மெக்கர்டி, வார்ட்-பெக் மேசைகளின் பிற்கால நிலை எனக்குச் சுவையாகப் படுகிறது. தொலைக்காட்சி நிலையங்கள் அவற்றைக் கழற்றி வீசியபோது பாட்டுப் பதிவாளர்கள் வாங்க வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது முன்பெருக்கியும் சமன்படுத்தியும் அடங்கிய பட்டைகள் மட்டுமே. ஒவ்வொரு பட்டையாக உருவி, இரண்டிரண்டாகப் புதுப் பெட்டியில் பொருத்தி, அந்தக் காலத்துக் கனடியக் குரல்வளம் என்று இன்று விற்கிறார்கள். நன்றாகவும் இருக்கிறது, நல்ல விலையும் போகிறது. பட்டைகளை உருவிய பிறகு மிஞ்சியது அந்தச் சட்டகம்: பல பஸ்கள், மிக்ஸ்-மைனஸ் சுற்றுகள், இயக்குநரின் பேச்சுப் பொத்தான்கள், நூற்றுக்கணக்கான ஜாக் துளைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கையால் கட்டிய கம்பிக் கற்றை. அதை யாரும் கேட்கவில்லை. கம்பியில் செம்பு இருந்ததால் எடை போட்டுக் கொடுத்தார்கள்.

(தொடரும்)